இயற்கை விநோதம்: வீட்டைச் சுமக்கும் புழு

பூச்சி ஒன்றுக்குச் சரியான பெயர் கண்டு சொல்வது பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மில் பலர். அந்தப் பெயரை நம்பியே ஒரு பெருங்காடு பிழைக்க நேர்வதும் உண்டு.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளில் லார்ச் என்னும் விருக்ஷம் வளர்கிறது. ஊசியிலை மரங்களுள் பெரும்பாலானவை வருஷம் முழுதும் பசுமை மாறாதவை; லார்ச்சோ குளிர்காலம் வருமுன் இலைகளை உதிர்த்துவிடும். இம்மரத்தை அண்டி வாழ்வது கோலியோபோரா லாரிசெல்லா என்ற சாம்பல் நிறச் சிறு அந்துப்பூச்சி. சிறகை விரித்தாலும் ஒரு சென்டிமீட்டர் அளவே தேறும். முட்டையிலிருந்து வரும் புழு நேரே ஊசியிலைக்குள் புகுந்து, தோலை விட்டு உட்சதையைக் குடைந்து தின்னும். இலையுதிர் காலம் நெருங்கியதும், குடைந்த இலையில் ஒரு துண்டைக் கத்தரித்து, உள்ளே பட்டிழை வேய்ந்து, அரிசி மணி போன்ற ஓர் உறையாக்கிக் கொள்கிறது. உதிரும் இலையோடு தானும் விழுந்துவிடாமல், உறையுடன் கிளைக்கு நகர்ந்து, அங்கே அதைக் கட்டிவைத்துக் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் தளிர் கண்டதும் நத்தைபோல் வீட்டைச் சுமந்து புறப்பட்டு, உறையை விட்டு நீங்காமலே எட்டிய மட்டும் இலையைக் குடைகிறது. கிரேக்க மொழியில் 'கோலியோபோரா' என்பதற்கு உறை சுமப்பது என்றே பொருள்.

இந்த ஜாதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. வளர்ந்த பூச்சிகளைக் கண்ணால் பார்த்து வேறுபடுத்துவது அரிது. ஆகவே எந்த மரம், எவ்வகை உறை, எப்படிக் குடைந்தது என்ற மூன்றையும் முதலில் கவனிப்பார்கள். ஐயம் நீங்காவிடில் பூச்சியின் இனப்பெருக்க உறுப்புக்களைப் பிரித்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் நோக்கியே முடிவு செய்வார்கள்.

1886-ம் வருஷத்தில் இப்பூச்சி அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் காணப்பட்டது. 1957-ல் வெகுதூரம் மேற்கே ஐடஹோவிலும் தென்பட்டது. புழு மிகுந்த இடங்களில் லார்ச் மரங்கள் தீயில் வாடினாற்போல் வைக்கோல் நிறம் கொண்டன. ஒரு வருஷம் இலை போனால் மரம் மறுபடி துளிர்க்கும். வருஷந்தோறும் போனால் வளர்ச்சி குன்றும், கிளைகள் காயும். பெயர் நிச்சயமாகத் தெரிந்திருந்தபடியால் பரிகாரமும் தெரிந்தது. ஐரோப்பாவிலிருந்து முன்பே கிழக்கு மாகாணங்களுக்கு வரவழைத்திருந்த அகாதிஸ் பூமிலா என்னும் சிறு குளவியை 1960-ல் ஐடஹோவில் விட்டார்கள். இப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதை மாய்ப்பது அக்குளவியின் இயல்பு. நாளடைவில் புழுவின் பெருக்கம் பெரிதும் தணிந்தது.

வேறோர் இனமென்று பிழையாகக் குறித்திருந்தால், அதன் சத்துருவை எந்தத் தேசத்தில் போய்த் தேடியிருப்பார்கள்?

நம் தோட்டத்து இலையில் குடைந்த வெண்கோடு கண்டால், கிள்ளி எறியுமுன் குழந்தைகளைக் கூப்பிடுங்கள். செடியின் பெயர், ஊர், தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு தேசம் தன் மண்ணின் ஜீவராசிகளை அறிந்துகொள்வது அப்படித்தான் ஆரம்பமாகிறது.