வீடு திரும்பாத கடன்

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, ‘மகாராஜா வீடு திரும்பினார்’ என்ற பேச்சே எங்கும் ஒலித்தது. தனியார் வளர்த்ததை அரசு பறித்துக் கெடுத்தது, தனியாரே மீண்டும் வந்து காத்தனர் என்பது அப்பேச்சின் சாரம். இது பாதி வரலாறு மட்டுமே.

தொடக்கம் டாடாவுடையது என்பதில் ஐயமில்லை. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து சென்னைவரை ஓட்டியவர் நெவில் வின்சென்ட். ஆனால் 1948இல் ‘மலபார் பிரின்சஸ்’ லண்டனுக்குப் பறந்தபோதே, அதை இயக்கிய நிறுவனத்தில் அரசுக்கு 49 சதவீதப் பங்கு இருந்தது.

1953இல் நாட்டுடைமை. ஜே.ஆர்.டி. அதை எதிர்த்தார், எனினும் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1962இல் ஏர் இந்தியா ஜெட் விமானங்கள் மட்டுமே கொண்ட நிறுவனமாயிற்று. 1967இல் சால்வதோர் தாலி அதற்குச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தந்தார். ஊதியமாக யானைக்குட்டி கேட்டார். அரசு நிறுவனம் அதையும் அனுப்பிவைத்தது! இத்தனையும் நடந்தது அரசுடைமைக் காலத்தில்தான்.

அப்படியென்றால் பிழை எங்கே? உடைமையில் அன்று, தலையீட்டில். 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைப் பதவியிலிருந்து நீக்கியது. பின்னாளில் ஏர் இந்தியாவுக்கும் இந்தியன் ஏர்லைன்ஸுக்குமாக 111 விமானங்கள் கடனில் வாங்க ஆணையிடப்பட்டது. 2007இல் இரண்டும் இணைக்கப்பட்டன. அதன் பிறகு அரசின் கையில் இருந்தவரை ஓர் ஆண்டுகூட நிகர லாபம் இல்லை.

‘விமானம் ஓட்டுவது அரசின் வேலையா?’ என்று கேட்கும் நண்பர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பெரும்பான்மைப் பங்கு அந்நாட்டு அரசின் தெமாசெக்கிடம் உள்ளது. 2024 நவம்பரில் விஸ்தாரா இணைந்தபின் ஏர் இந்தியாவிலேயே அதற்கு 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது. நம் அரசால் முடியாது என்று விற்ற இடத்தில் இன்னோர் அரசின் நிறுவனம் வந்து அமர்ந்திருக்கிறது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 2021 ஆகஸ்ட் இறுதியில் கடன் 61,562 கோடி ரூபாய். டாடா ஏற்றது 15,300 கோடி. ரொக்கமாகத் தந்தது 2,700 கோடி. மீதி 46,262 கோடி அரசின் தனி நிறுவனம் ஒன்றின் தலையில், அதாவது நம் தலையில். முடிவெடுத்த அமைச்சர்களோ அதிகாரிகளோ இதற்குப் பதில் சொன்னதில்லை. மகாராஜா வீடு திரும்பியதைக் கொண்டாடுபவர்கள் முதலில் அவர்களைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.