குருணைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

27-ல் தொடங்கி 3-ல் முடிந்த கணக்கு வாசகர்களுக்குப் புதிதல்ல. 27 பயிர் மருந்துகளைத் தடை செய்யப்போவதாக 2020 மே மாதம் மத்திய அரசின் வரைவு ஆணை வந்தது. மூன்றாண்டுக்கு மேல் இழுத்தடித்து 2023 செப்டம்பரில் இறுதி ஆணை வந்தபோது, முழுமையாக வெளியேறியவை டைகோபால், டினோகாப், மெத்தோமில் ஆகிய மூன்றே. மோனோகுரோட்டோபாஸில் 36 சதவீதக் கரைசலுக்குத் தடை. கார்போபியூரானில் எல்லா வடிவங்களுக்கும் தடை, 3 சதவீத உறையிட்ட குருணைக்கு மட்டும் விலக்கு. குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், டெல்டாமெத்ரின் எல்லாம் தஞ்சாவூர்க் கடைகளில் தொடர்ந்து இடம்பிடித்திருக்கின்றன.

இவற்றில் குருணைக்குக் கொடுத்த விலக்கைத்தான் ஏற்க முடியவில்லை. கார்போபியூரான் என்றாலே நம் வயல்களில் குருணைதான். மற்ற வடிவங்களை இங்கே யார் தேடி வாங்கினார்கள்? விற்காததைத் தடை செய்துவிட்டு, விற்பதை விட்டுவைப்பதற்குத் தடை என்று பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர்மாறு. பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்ததால் 1991-ல் அங்கே முதலில் ஒதுக்கப்பட்டது குருணை வடிவம்தான். 2009-ல் உணவுப் பயிர்களில் இந்த மருந்துக்கு இருந்த அனுமதி முழுவதுமே ரத்தானது. அங்கே முதலில் போனது இங்கே கடைசியாக மிஞ்சியிருக்கிறது.

உறையிட்டது பாதுகாப்பானது என்பவர்கள் ஒருநாள் குறுவை வயலுக்கு வந்து பார்க்கட்டும். நட்டுப் பதினைந்து நாள் ஆன பயிர், இரண்டு விரற்கடைத் தண்ணீர். குருணையை மணலோடு பிசைந்து, யூரியா வீசும் அதே வெறுங்கையால் வீசிக்கொண்டு போகிறார் ஒருவர். கையுறை எங்கே என்று கேட்டால் சிரிப்பார். அந்தத் தண்ணீர் அடுத்த வயலுக்கும், பிறகு வடிகாலுக்கும் போகும். அறுவடை முடிந்ததும் அதே வயல்களில் வாத்து மேயும்.

இளம்பயிருக்குக் குருணை எதற்கு? விரியாத குருத்திலையின் ஓரத்தைக் குருத்து ஈயின் புழு அரித்துவிடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். இலை விரியும்போது ஓரம் வெளுத்துக் கிழிந்திருப்பது கண்ணை உறுத்தும், உண்மை. ஆனால் தூர் கட்டும் பயிர் அந்தச் சேதத்தைத் தானே ஈடுகட்டிவிடுகிறது. மருந்து கெடுப்பது வேறொன்றை. நடவு முடிந்த முதல் வாரங்களில் சேற்றிலும் தண்ணீரிலும் பெருகும் சிறு கொசுவினங்களைத் தின்றுதான் வயல் சிலந்திகள் பெருகுகின்றன, புகையான் வரும்போது காவலுக்கு நிற்கின்றன. இதை ஜாவா நெல்வயல்களில் ஆராய்ந்து காட்டி, 1996-லேயே வெளியிட்டுவிட்டார்கள். இளம்பயிரில் நஞ்சை இறைப்பவர், பின்னால் வரப்போகும் காவலர்களின் சோற்றில் மண்ணைப் போடுகிறார்.

ஆனைக்கொம்பன் ஈயின் கதையும் இதுதான். குருத்து வெங்காயத் தாள்போலக் குழலாகிவிட்டால் அந்தத் தூரில் கதிர் இல்லை. குழலுக்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. ‘பிளாட்டிகாஸ்டர் ஒரைசே’ என்ற சிறு குளவி எட்டும். அது முட்டையிட்டுவிட்டால் ஒரே புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவரும். குளவி தாக்கிய குழல்களைச் சேகரித்து, 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கச் சொல்கிறது நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அந்தக் குழலை வைத்த வயலில் மறுவாரமே குளோர்பைரிபாஸ் தெளித்தால், பாவம், குளவி என்ன செய்யும்?

நெல் தரிசு உளுந்திலும் இதே சங்கடம் காத்திருக்கிறது. இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடு போடும் ‘லிரியோமைசா டிரைபோலி’ என்ற இலைத்துளைப்பான் ஈ, 1990-களின் தொடக்கத்தில் ஐதராபாத் வட்டாரத்தில் ஆமணக்கில் தென்பட்டு நாடெங்கும் பரவியது. அந்த இலையை வெயிலுக்கு எதிரே பிடித்தால், இரண்டு தோலுக்கும் நடுவே மஞ்சள் புழு நகர்வதும் அதன் கழிவு கறுப்பு இழையாக நீள்வதும் தெரியும். பல மருந்துகளுக்கு இந்த ஈ பழகிவிட்டது. அதன் புழுவைக் கொல்லும் குளவிகளோ இலையின் மேல்தான் நடமாடுகின்றன, தெளிப்பில் முதலில் சாகின்றன. மெத்தோமில் தெளித்த தக்காளியில் இதன் உறவுக்கார ஈ பெருகியதைக் கலிபோர்னிய ஆய்வாளர்கள் 1976-ல் எழுதினார்கள். நம்மவர்கள் மெத்தோமிலை விலக்கியது 2023-ல். நடுவே 47 ஆண்டுகள்.

இந்தத் தாமதம் ஆணை போடுபவர்களுக்குப் புதுப்பழக்கமும் அல்ல. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்பான் என்ன செய்தது என்று ஊரே சொன்னபோது, ஆதாரம் போதாது என்றார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்த வேண்டியிருந்தது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு மட்டும் 2005-ல் தடுத்தார்கள். வெண்டைக்குக் கூடாது, நெல்லுக்கு ஆகும் என்று எழுதிய லேபிளைக் கடைக்காரர் காவல் காப்பார் என்று நம்பினார்கள் போலும். 2013-ல் பீகாரின் சரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் செத்தபோது, சோதனையில் வெளிவந்தது அதே மோனோகுரோட்டோபாஸ். அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் கழித்துத்தான் இந்த 36 சதவீதத் தடை. குழந்தைகள் செத்தும் அசையாத கோப்பு, குளவி செத்தா அசையும்?

நெல்லுக்கான 57 பூச்சிமருந்துகளை இந்தோனேசியா 1986-ல் ஒரே ஆணையில் நிறுத்தியது. அந்த நாட்டின் நெல் விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை. இங்கே, மீனுக்கும் தேனீக்கும் நஞ்சு என்று வரைவில் காரணம் எழுதிய அதே கைகள்தான் இறுதி ஆணையில் விலக்குகளையும் எழுதின. இடைப்பட்ட மூன்றாண்டில் எந்த ஆதாரம் மாறியது என்று டெல்டா உழவருக்கு யாரும் விளக்கவில்லை.

குருணைக்குத் தந்த விலக்கைத் திரும்பப் பெற வேண்டும். மற்ற மருந்துகளையும், வயலில் நமக்காக உழைக்கும் உயிர்களை மனத்தில் வைத்து மறுபடி பரிசீலிக்க வேண்டும். ஆடுதுறையில் 1922-லிருந்து ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆணை எழுதியவர்கள் அடுத்த குறுவைக்கு முன் அங்கே வந்து உட்கார்ந்து பேசட்டும்.