நாளைய பகுதிக்காகக் காத்திருக்க நம்மால் முடியுமா?



தென்காசியைச் சுற்றியுள்ள கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பகுதிகளில் மாலை வேளையில் ஒரு தெருவழியாக நடந்து பாருங்கள். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் தொடரின் பாட்டு கேட்கும். திண்ணையிலும் நடையிலும் நம் தாய்மார்கள் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். கை தன் வேலையைச் செய்யும். கண் தொடரில் இருக்கும். தொடரில் வரும் மருமகள் அழுதால் இவர்களுக்கும் கண் கலங்கும். ஆனால் அந்தக் கதையை எழுதுபவர் யார் என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவர் பெயர் திரையில் ஓடி மறைந்துவிடுகிறது.

அந்த எழுத்தாளர் ஒருநாள், "எனக்குரிய கூலி கிடைக்கும்வரை எழுதமாட்டேன்" என்று பேனாவைக் கீழே வைத்தால் என்ன ஆகும்? அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்து எழுதினால் அது சரியா? நாம் அந்தத் தொடரைப் பார்க்கலாமா? இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. அமெரிக்காவில் தொடர் ரசிகர்கள் இவற்றைப் பற்றிக் காரசாரமாக விவாதித்திருக்கிறார்கள். கூலிக்கு உழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நம் பங்குகளுக்கும் இவை தொடர்புடையவையே.

அமெரிக்காவில் நடந்தது

2007 நவம்பர் 5 அன்று அமெரிக்கத் திரை, தொலைக்காட்சி எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. தாங்கள் எழுதியவை குறுந்தகடுகளிலும் இணையத்திலும் மீண்டும் மீண்டும் விற்பனையாகும்போது அந்த வருவாயில் தங்களுக்கும் நியாயமான பங்கு வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. 100 நாட்கள் நீடித்த போராட்டம் 2008 பிப்ரவரி 12 அன்று முடிந்தது. இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகள் முதல் நாளே நின்றுபோயின. ஆனால் வாரம் ஐந்து நாள் ஒளிபரப்பாகும் பகல்நேரத் தொடர்கள் நிற்கவில்லை. கையிருப்பில் இருந்த கதைப் பகுதிகள் தீர்ந்தபின் வேறு ஆட்கள் எழுதினார்கள்.

சங்க உறுப்பினர் சிலரும் எழுதத் திரும்பினார்கள். அந்நாட்டுச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. முழு உறுப்பினர் நிலையை விட்டுவிட்டு, ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கான சந்தாவை மட்டும் செலுத்துபவராக மாறிக்கொள்ளலாம். அப்படி மாறியவருக்குச் சங்கத்தில் வாக்குரிமை இல்லை. ஆனால் வேலைநிறுத்தத்தின்போது வேலை செய்தாலும் சங்கம் அவரைத் தண்டிக்க முடியாது. 10,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் இந்த வழியில் சென்ற 28 பேரின் பெயர்களை 2008 ஏப்ரலில் சங்கம் பகிரங்கமாக வெளியிட்டது. அவர்களில் பலர் பகல்நேரத் தொடர்களுக்கு எழுதியவர்கள். 2023ஆம் ஆண்டு மே 2 முதல் செப்டம்பர் 27 வரை நடந்த அடுத்த வேலைநிறுத்தத்திலும் இதே கேள்வி மீண்டும் எழுந்தது.

மூன்று பதில்கள்

ரசிகர்களின் வாதங்களை மூன்றாகச் சுருக்கலாம். "மற்றவர்கள் பட்டினி கிடந்து வாங்கித் தரும் உயர்வை இவர்களும் அனுபவிப்பார்கள், ஆனால் பட்டினியில் பங்கெடுக்கமாட்டார்கள். இது துரோகம்" என்பது முதல் பதில். "அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. தொடர் நின்றால் ஒளிவிளக்குப் பிடிப்பவர், ஒப்பனை செய்பவர், சமையல்காரர் எல்லாருக்கும் வேலை போகும்" என்பது இரண்டாவது. "அது அவர்கள் பாடு. எனக்குக் கதை வந்தால் போதும்" என்பது மூன்றாவது. நம் அன்பியக் கூட்டத்தில் கேட்டாலும் இதே மூன்று பதில்கள்தாம் வரும்.

முதல் இரண்டு பதில்களிலும் உண்மை இருக்கிறது. ஆயிரம் பீடிக்கு இன்னும் கொஞ்சம் கூலி கேட்டு, ஊரே இலையும் தூளும் வாங்காமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒரு பெண் மட்டும் பீடிக் கடைக்குப் போய் இலை வாங்கி வருகிறாள். அவளைப் பார்த்து ஊர் கோபப்படுவது இயல்பு. ஆனால் அவள் வீட்டில் மருந்துக்குக் காசில்லாமல் ஒரு நோயாளி படுத்திருக்கலாம். வசதியோடு இருந்துகொண்டு வரிசையை உடைப்பவரும், வேறு வழியின்றி உடைப்பவரும் ஒன்றல்ல. திராட்சைத் தோட்ட உவமையில் மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை (மத் 20:1-16). வேலைநிறுத்த நேரத்தில் உள்ளே நுழைபவர்களில் அப்படி வெகுநாள் வாய்ப்பின்றி வெளியே நின்றவர்களும் இருப்பார்கள்.

ஆயினும் "தொடரைக் காப்பாற்றவே எழுதுகிறோம்" என்ற வாதத்தைக் காலம் சோதித்துப் பார்த்தது. 1937இல் வானொலியில் தொடங்கி 1952இல் தொலைக்காட்சிக்கு வந்த 'கைடிங் லைட்' தொடர், அந்த 100 நாட்களிலும் ஓய்வின்றி ஓடியது. ஆனால் 2009இல் அது மூடப்பட்டது. 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' 2010இல் முடிந்தது. பார்வையாளர் குறைந்ததும் நிறுவனங்கள் கணக்கைத்தான் பார்த்தன. போராட்ட காலத்தில் எழுதிக் கொடுத்தவர்களின் விசுவாசத்தைப் பார்க்கவில்லை.

நம் நாட்டில்

2008 நவம்பரில் மும்பையில் திரைத் தொழிலாளர் கூட்டமைப்புக்கும் தயாரிப்பாளர்களுக்கும் மூண்ட தகராறில் படப்பிடிப்புகள் நின்றன. இந்தித் தொலைக்காட்சிகள் பழைய பகுதிகளையே மறுபடியும் ஒளிபரப்பின. 2017இல் வெளியாட்களை வைத்தும் படப்பிடிப்பு நடத்தலாம் என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் அறிவித்தது. அதை எதிர்த்துத் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சி ஆகஸ்ட் 1 முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அன்றும் சிக்கலின் மையம், 'நிற்பவரின் இடத்தில் யார் நிற்பது' என்பதே.

திருச்சபை சொல்வது

1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், சங்கமாகச் சேரும் உரிமை தொழிலாளருக்கு இயல்பாகவே உண்டு என்றது. 1981இல் புனித இரண்டாம் ஜான் பால் தம்முடைய 'லபோரெம் எக்ஸர்சென்ஸ்' மடலில், வேலைநிறுத்தம் முறையான வழிதான், ஆனால் கடைசி வழி என்றார். சமூகத்துக்கு இன்றியமையாத பணிகள் அப்போதும் நடக்க வேண்டும் என்றும் கூறினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், தவிர்க்க முடியாத நிலையில், வன்முறையின்றி, நியாயமான பயனுக்காக நடக்கும் வேலைநிறுத்தம் ஒழுக்கநெறிக்கு ஏற்றதே என்கிறது (எண் 2435). 2025 மே மாதம் தேர்வு பெற்ற திருத்தந்தை 14ஆம் லியோ, செயற்கை நுண்ணறிவின் காலத்தில் உழைப்பின் மாண்பைக் காப்பதை நினைவூட்டியே அந்தப் பெயரைத் தேர்ந்துகொண்டதாக விளக்கினார். 2023இல் எழுத்தாளர்கள் கேட்டவற்றுள் அதுவும் ஒன்று: தங்கள் இடத்தில் இயந்திரத்தை உட்கார வைக்கக்கூடாது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடிநீரும் மருத்துவமனையும் இன்றியமையாதவை. நாளை இரவு வரும் தொடரின் அடுத்த பகுதி அப்படிப்பட்டதா? 2020இல் ஊரடங்கின்போது படப்பிடிப்புகள் மாதக்கணக்கில் நின்றன. 2002இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யை மறுபடியும் பார்த்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. நோய்க்கு அஞ்சிக் காத்திருக்க முடிந்த நம்மால், நீதிக்காகவும் காத்திருக்க முடியும்.

நம் பங்கு என்ன?

ஆகவே மூன்றாவது பதில்தான் உண்மையில் நம்மை உறுத்த வேண்டும். மாற்று ஆள் எழுதுவது யாருக்காக? "எனக்குக் கதை வந்தால் போதும்" என்று சொல்லும் நமக்காகத்தான். நாம் காத்திருக்கமாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் நிறுவனம் பேச்சுவார்த்தையைத் தள்ளிப்போடுகிறது. எழுதுபவரைத் துரோகி என்று திட்டிவிட்டு, அவர் எழுதியதை இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் நம் கோபத்துக்கு என்ன பொருள்?

வேலைநிறுத்தம் தொந்தரவு தரத்தான் செய்யும். குற்றாலத்தில் அருவி கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் கடையடைத்தால்தான் அது நாலு பேருக்கு உறைக்கும். சீசன் முடிந்து பாறை காய்ந்தபின் அடைத்தால் கேட்பாரில்லை. நமக்கு வரும் சிறு சிரமம், உழைப்பவர் குரல் நம் காதுவரை வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பிடித்தம் செய்யப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அறுவடை செய்தவரின் குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியுள்ளது என்று யாக்கோபு எச்சரிக்கிறார் (யாக் 5:4).

நம் மாவட்டங்களுக்கு இதில் நல்ல முன்மாதிரி உண்டு. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தியபோது வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். ஊரும் துணை நின்றது. சில நாட்களிலேயே கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் நாம் அந்த விடுமுறையை நன்றியோடு நினைக்க வேண்டும்.

வரிசையை உடைத்தவரை என்ன செய்வது? சகோதரர் தவறினால் முதலில் தனியே சென்று பேசச் சொன்னார் ஆண்டவர் இயேசு (மத் 18:15). பெயர்ப் பட்டியல் ஒட்டுவது அதற்குப் பிந்தியது. பேசும்போதுதான் அவர் அடுப்பு எரிகிறதா என்று தெரியும். எரியவில்லை என்றால் அரிசியோடு போக வேண்டியது அன்பியமும் புனித வின்சென்ட் தே பவுல் சபையும். பசித்தவரின் வயிற்றை நாம் பார்த்துக்கொண்டால், அவர் தன் தோழர்களை விட்டுப் பிரிய வேண்டியதில்லை.

மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக 1955இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் ஏற்படுத்தினார். அன்று மட்டுமல்ல, ஒவ்வொரு மாலையும் தொலைக்காட்சி முன் அமரும்போது, இதை எழுதிய கைக்கும், நம் வீட்டில் பீடி சுற்றும் கைக்கும் உரிய கூலி கிடைத்ததா என்று ஒரு நொடி எண்ணிப் பார்ப்போம். கிடைக்கவில்லை என்றால், காத்திருக்கும் மனதை இறைவன் நமக்குத் தருவாராக.