மின்சாரம் மீண்டது, கதவு திறக்கவில்லை

2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் புகுந்த குரங்கே காரணம் என அமைச்சர் சொன்னதை உலகமே வேடிக்கையாகப் பேசியது. ஆனால், ஊரிலுள்ள வீட்டில் ஒரு கணினியைச் சேர்வராக இயக்கி, குடும்பப் படங்களையும் ஆவணங்களையும் அதில் வைத்துவிட்டு, கடல் கடந்து வாழ்பவருக்கு மின்தடை வேடிக்கையல்ல. மின்சாரம் திரும்பிய பின்னரும் அக்கணினிக்குள் அவரால் நுழைய முடியாது போகலாம்.

உடனே பலரும் சந்தேகிப்பது கடவுச்சொல்லையே. கணினி அணைந்து எழுவதால் கடவுச்சொல் மாறிவிடுவதில்லை. மாறுபவை வேறு. எதை ஆராய வேண்டும் என்பதைக் கிடைக்கும் மறுமொழியே சொல்லிவிடுகிறது.

மறுமொழியே இன்றி நேரம் கடந்தால், அழைப்பு சேர்வரை எட்டவில்லை எனலாம். கணினி தானாக எழாதிருக்கலாம். இணைய நிறுவனம் வீட்டுக்குப் புதிய முகவரி வழங்கியிருக்கலாம். ரவுட்டர் கணினிக்கு வேறோர் உள்முகவரி கொடுத்திருக்கலாம். மறையாக்கம் செய்த வன்தட்டு எனில், திறவுச்சொல்லை யாராவது தட்டச்சுச் செய்யும்வரை அது காத்திருக்கும்.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே பதில் வந்தால், பெரும்பாலும் கணினி விழித்திருக்கிறது, எஸ்.எஸ்.எச். சேவை எழவில்லை. இன்றைய லினக்ஸில் ஒரு சேவையைத் தொடக்குவது வேறு. ஒவ்வொரு முறையும் கணினியோடு தானே தொடங்கும்படி பதிவது வேறு. முன்னதை மட்டும் செய்தால், அடுத்த மின்தடைவரையே அதற்கு ஆயுள்.

அனுமதி இல்லை என்று பதில் வந்தால், சேவை இயங்குகிறது, சாவிதான் ஏற்கப்படவில்லை. பயனரின் கோப்புறை மறையாக்கத்தில் இருந்தால், அதனுள் இருக்கும் சாவிப் பட்டியலை அவர் நுழையும்வரை சேர்வரால் படிக்க முடியாது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான்.

இங்கேதான் ஆபத்தும் தொடங்குகிறது. அவசரத்தில் தொலைபேசி வழியே வீட்டாரை ஏவி, தீச்சுவரை நீக்கச் செய்வதும், ரூட் கணக்கைக் கடவுச்சொல்லுடன் திறந்துவிடச் செய்வதும் மருந்தல்ல. பின்லாந்தின் தாத்து இலொனென் 1995இல் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கியதே, தமது பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவாடப்பட்ட பின்னர்தான். அந்தக் காவலை நாமே கலைத்துவிட்டால், உள்ளே போக முடியாத ஒருவருக்காக ஊரார் எல்லோருக்கும் கதவைத் திறந்தவர்களாவோம்.

ஓடிக்கொண்டிருக்கும் சேர்வர் நம்பத்தக்கது எனக் கொள்வது தவறு. அணைந்து தானாக எழுந்து காட்டியதே நம்பத்தக்கது. எனவே, விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் ரவுட்டரில் உள்முகவரியை நிலையாக்கட்டும். மின்சாரம் வந்ததும் கணினி எழும்படி பயோஸில் அமைக்கட்டும். பின்னர் அதன் அருகில் இருக்கும்போதே ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்து, கைத்தொலைபேசியின் இணையம் வழியாக நுழைந்து பார்க்கட்டும். நள்ளிரவில் வயதான தாயை எழுப்பி, எந்த விளக்கு எரிகிறது என்று கேட்பதைவிட அது மேலானது.