பீரோவுக்குள் தூங்கும் ஹேண்டிகேம்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி வைகைக் கரைப் பக்கம் இருக்கும் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், இப்படி ஒரு வீடாவது தேறும். பீரோவின் மேல் தட்டில், பட்டுச் சேலைகளுக்கும் வீட்டுப் பத்திரங்களுக்கும் நடுவே ஒரு கறுப்புப் பை. பைக்குள் உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேமரா. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ விடுமுறைக்கு வந்த சித்தப்பா கொண்டுவந்தது. எந்த கம்பெனி தயாரித்திருந்தாலும் வீட்டில் அதற்கு ஒரே பெயர்தான்: ஹேண்டிகேம்.

வாங்கிய புதிதில் அதற்கு இருந்த மரியாதையே தனி. சின்னப் பிள்ளைகள் தொடக்கூடாது. வெயிலில் வைக்கக்கூடாது. இரவல் கேட்டு யாராவது வந்தால் "சார்ஜ் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். காதுகுத்து, சடங்கு, கிரகப்பிரவேசம் என்று விசேஷம் வந்தால் மட்டும் பை வெளியே வரும். படம் எடுத்து முடித்ததும் லென்ஸைத் துடைத்து, மூடி போட்டு, மறுபடியும் பீரோ.

அதே சமயம் எடுத்து முடித்த கேசட்டுகள்? அவை டி.வி. ஸ்டாண்டின் அடியில், பழைய டார்ச் லைட்டோடும் உபயோகமில்லாத சாவிகளோடும் கிடக்கும். பெரும்பாலும் மேலே பெயர்கூட எழுதியிருக்காது.

இங்கேதான் கணக்கு தப்பாகிவிட்டது. பூட்டி வைக்க வேண்டியதை வெளியே போட்டுவிட்டு, வெளியே எடுத்துப் புழங்க வேண்டியதை நம் ஜனங்கள் பூட்டி வைத்தார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா?

ஒரு பேச்சுக்கு, கேமராவின் விலை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியலில் வரும் தேய்மானப் பாடம் ஞாபகமிருக்கும். குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 15 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால், 20 ஆண்டு முடிவில் ஏட்டில் மிஞ்சுவது சுமார் 970 ரூபாய். அந்த விலைக்கும் இன்று வாங்க ஆள் கிடைப்பது சந்தேகம்தான்!

சரி, கேசட்டின் கணக்கு? வாங்கிய அன்று அது ஒரு சில்லறைச் செலவு. ஆனால் அதில் பதிந்திருக்கும் அப்பத்தாவின் வெற்றிலைச் சிரிப்புக்கு, அப்பத்தா இருந்தவரை மதிப்பே இல்லை. அவர் போன மறுநாள் அதற்கு விலை சொல்லவே முடியாது. ஒவ்வொரு வருஷமும் கேமராவின் மதிப்பு இறங்குகிறது, கேசட்டின் மதிப்பு ஏறுகிறது. எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் வராத சொத்து இது.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

1985-ல் சோனி நிறுவனம் 8 மில்லிமீட்டர் அகல நாடாவில் பதியும் கேமராவை 'ஹேண்டிகேம்' என்ற பெயரில் கொண்டுவந்தது. தோளில் சுமந்த வீடியோ கேமரா அப்போதுதான் கைக்கு இறங்கியது. பத்து வருஷம் கழித்து, 1995-ல் டிஜிட்டல் நாடா வந்தது. அதற்குப் பெயர் மினி டி.வி. கேசட். தொலைக்காட்சிக்கும் இந்த டி.வி.க்கும் சம்பந்தமில்லை, டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம் அது.

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேசட். உள்ளே 6.35 மில்லிமீட்டர் அகலமுள்ள நாடா. கேமராவுக்குள் ஒரு சின்ன உருளை நிமிடத்துக்கு 9,000 முறை சுற்றியபடி, அந்த நாடாவில் சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதும். ஒரு கோட்டின் அகலம் வெறும் 10 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பல கோடுகள் அடங்கிவிடும். இவ்வளவு நுணுக்கமான எழுத்தை, டார்ச் லைட்டோடும் சாவியோடும் போட்டு வைத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் பகீர் என்கிறது அல்லவா?

கேசட்டில் என்னதான் இருக்கும்?

மேடையில் மாலையோடு நிற்கும் மாப்பிள்ளை, பெண், வரிசையில் வந்து கவர் கொடுக்கும் சொந்தங்கள். இது எல்லா கேசட்டிலும் இருக்கும். உண்மையில் இதைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் கேமராவைக் கையில் வைத்திருந்தவர் வீட்டு ஆள். கல்யாண ஸ்டூடியோக்காரர் மாதிரி லைட் போட்டு, எல்லாரையும் நிற்க வைத்து எடுக்கத் தெரியாதவர். அதனால் ஓரத்தில் பலதும் மாட்டியிருக்கும். சமையல் கட்டில் சாம்பார் ருசி பார்க்கும் அத்தை. "என்னைய எதுக்குப்பா எடுக்குற, அங்கிட்டுப் போ" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளும் அம்மாச்சி. பின்னால் யாரோ யாரையோ கூப்பிடும் குரல். போட்டோவில் முகம் இருக்கும், இந்தக் குரல் இருக்காது.

ஆரப்பாளையத்துக்காரர்களுக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் இங்குள்ள புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுவார்கள். வந்திக் கிழவியின் உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவன் வைகைக் கரைக்கு மண் சுமந்த திருவிளையாடல் நடக்கும் நாள் அது. திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வந்து சேர்வார்கள். கேமரா உள்ள வீட்டுக்காரர் அன்றைக்கு நிச்சயம் பையைத் திறந்திருப்பார். சாமியைத்தான் எடுத்திருப்பார். ஆனால் சாமிக்குப் பின்னால் அந்தக் காலத்து வைகை இருக்கும், கரை இருக்கும், ஓட்டு வீடுகள் இருக்கும், கடைப் பலகைகள் இருக்கும்.

இன்று அந்த ஆற்றின் இரு பக்கமும் சாலையும் சுவரும் எழும்பிவிட்டன. பழைய பெரியார் பேருந்து நிலையம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டுவிட்டது. பழைய ஊர் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? அரசாங்கப் பதிவேட்டில் தெருவின் பெயர் இருக்கும். தெருவில் ஆட்கள் எப்படி நடந்தார்கள், எப்படிப் பேசினார்கள் என்பது டி.வி. ஸ்டாண்டின் அடியில்தான் கிடக்கிறது.

சின்ன கேமராக்காரர்கள் செய்த பெரிய காரியத்துக்கும் மதுரையிலேயே உதாரணம் உண்டு. ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. 2003-ல் 'பீ' என்ற படத்தை எடுத்தார். மதுரையில் ஒரு தெருவில் மனித மலத்தைத் தினமும் அள்ளிச் சுத்தம் செய்யும் ஒரு பெண் தொழிலாளியைப் பின்தொடரும் படம் அது. மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அதற்குப் பத்து வருஷம் கழித்தும் அந்த வேலை நடந்துகொண்டிருந்ததற்கு அந்தப் படம் சாட்சி. 2013-ல் இன்னொரு சட்டம் போட வேண்டி வந்தது. பெரிய யூனிட், பெரிய பட்ஜெட் இல்லாமலே இப்படிப்பட்ட படங்களை எடுக்க முடிந்தது டிஜிட்டல் வீடியோ வந்த பிறகுதான். பெட்டி சின்னதுதான். அதை எதன் பக்கம் திருப்புகிறோம், எடுத்ததை எப்படிப் பாதுகாக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது என்ன அவசரம்?

கேசட் கெட்டுப்போவது ஒரு பக்கம். மே மாதத்து மதுரை வெயிலில், கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே உள்ள பரணில் நாடா நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மழைக்காலத்தில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, கேசட்டைப் படிக்கும் இயந்திரம் இல்லாமல் போவது. கேசட் நன்றாக இருந்தும் போட்டுப் பார்க்க வழி இல்லையென்றால், பூட்டு நன்றாக இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது என்ற கதைதான்.

யுனெஸ்கோவும் உலக ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து 2019-ல் காந்த நாடாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை இயக்கமே தொடங்கின. நாடாவை ஓட்டும் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் 2025 வாக்கில் கிடைக்காமல் போகத் தொடங்கிவிடும் என்பதுதான் அதன் சாரம். பெரிய பெரிய காப்பகங்களே பதறும்போது, நம் வீட்டு டி.வி. ஸ்டாண்ட் எம்மாத்திரம்?

கேமராவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் ஃபயர்வயர் இணைப்பு புது லேப்டாப்புகளிலிருந்து எப்போதோ காணாமல் போய்விட்டது. ஆப்பிள் 2025-ல் வெளியிட்ட டஹோ மேக்ஓஎஸ்ஸில் அதற்கான ஆதரவே எடுக்கப்பட்டுவிட்டது. எவ்வளவு வேகமாகக் கதவுகள் சாத்தப்படுகின்றன என்று பாருங்கள்.

இந்தத் துறையில் எதுவும் நிலையில்லை என்பதற்கு 'ஃப்ளிப்' கேமராவின் கதை போதும். 2007-ல் சட்டைப் பையில் போடும் அளவுக்கு வந்து அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. 2009-ல் சிஸ்கோ நிறுவனம் அந்த கம்பெனியைச் சுமார் 59 கோடி டாலருக்கு வாங்கியது. 2011-ல் அந்தத் தொழிலையே இழுத்து மூடிவிட்டது. செல்போன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் கேமராவை பீரோவிலிருந்து எடுங்கள். பேட்டரி செத்திருக்கும், கவலையில்லை. சார்ஜர் ஒயரை நேரடியாகச் செருகினால் பெரும்பாலான மாடல்கள் ஓடும். எடுத்த எடுப்பில் முக்கியமான கேசட்டைப் போடாதீர்கள். உபயோகமில்லாத ஒன்றைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நாடாவைக் கடித்துத் துப்பினாலும் நஷ்டமில்லை.

அடுத்தது இணைப்பு. கேமராவில் யூஎஸ்பி துளை இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். பல மாடல்களில் அதன் வழியாக வருவது ஸ்டில் போட்டோவும், தரம் குறைந்த வீடியோவும்தான். ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடிப்பது நல்லது. நாடாவில் இருக்கும் எண்கள் அப்படியே, ஒரு புள்ளிகூடக் குறையாமல் வந்து சேரும். ஒரு மணி நேர கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் எழுபது கேசட்டுக்கு மேல் அடங்கும். எந்தக் குடும்பத்தில் எழுபது கேசட் இருக்கப் போகிறது?

ஒரு மணி நேர கேசட்டில் ஒன்றரை மணி நேரம் பதிய எல்.பி. என்று ஒரு வசதி இருந்தது. சிக்கனம் பார்த்து அதில் எடுத்தவர்கள் அதிகம். அப்படி எடுத்த கேசட் வேறு கேமராவில் சரியாக ஓடாமல் போகலாம். எடுத்த அதே கேமராவில் போடுவதுதான் பாதுகாப்பு. ஆகவே பழைய கேமராவைக் காயலான் கடைக்குப் போடும் முன் கேசட்டுகளை மாற்றி முடியுங்கள்.

"நாங்கள் அப்போதே சிடி போட்டுவிட்டோமே" என்பார்கள் சிலர். வி.சி.டி.யில் இருப்பது கேசட்டில் இருந்த படத்தில் கால் பங்கு புள்ளிகள்கூட இல்லை. 720-க்கு 576 என்று இருந்தது 352-க்கு 288 ஆகிவிடும். அந்த சிடியும் இன்று ஓடுமா என்பது அடுத்த கேள்வி. இதில் வேதனை என்னவென்றால், சிடி போட்டாகிவிட்டதே என்று அதே கேசட்டின் மேல் அடுத்த விசேஷத்தைப் பதிந்தவர்களும் உண்டு. கேசட்டின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் அப்பத்தாவை அழித்துவிட்டார்கள். அழித்ததை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

கடைசியாக, மாற்றிய பிறகு இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று இந்த வீட்டில், இன்னொன்று அக்கா வீட்டில். ஒரு நோட்டில் எந்த கேசட்டில் எந்த விசேஷம், எந்த வருஷம், யார் யார் என்று எழுதுங்கள். பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுத வேண்டும். "நீலச் சட்டை போட்டு நிற்பவர் யார்?" என்று கேட்டால் இன்று சொல்வதற்கு ஆள் இருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

"இப்போதுதான் ஆளுக்கொரு செல்போன் இருக்கிறதே, பழைய கேசட் எதற்கு?" என்று கேட்கலாம். 2005-ல் நடந்த காதுகுத்தை இன்றைய செல்போனால் எடுக்க முடியுமா? மேலும் செல்போன்காரர்களுக்கும் இதே பாடம்தான். ஆயிரம் வீடியோ எடுத்து, பெயர் வைக்காமல், பிரதி எடுக்காமல், போன் தண்ணீரில் விழுந்ததும் எல்லாம் போச்சு என்று அழுபவர்கள் எத்தனை பேர்! பெட்டி மாறியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். கேசட்டுகளில் பெரும்பாலும் இல்லாத ஓர் ஆள் உண்டு. கேமராவைப் பிடித்திருந்தவர். அப்பாவோ சித்தப்பாவோ, பத்து வருஷம் எல்லாரையும் எடுத்தவர் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். "இங்கே பாரு, சிரி" என்று அவர் குரல் மட்டும் கேட்கும். அவர் இன்று உயிரோடு இருந்தால், கேசட் மாற்றும் அன்று அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, செல்போனிலாவது ஐந்து நிமிடம் எடுத்துவிடுங்கள். இல்லாமல் போயிருந்தால், அந்தக் குரல் ஒன்றுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். டி.வி. ஸ்டாண்டின் அடியைக் கிளறுங்கள்.