‘ஓகே’ பட்டன் எங்கே போச்சு?



புதிய மடிக்கணினி வாங்கியவர்கள் எங்களுக்கு எழுதும் கடிதங்களில் ஒரே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய கணினியில் பல வருடம் ஒழுங்காக ஓடிய மென்பொருள், புதியதில் பாதிதான் தெரிகிறது. விண்டோவின் கீழ்ப்பகுதி டாஸ்க்பாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது; ‘ஓகே’, ‘கேன்சல்’ இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. ‘கூடுதல் ரெசல்யூஷன் என்று சொல்லித்தானே விற்றார்கள்?’ என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த மாத அட்டைக் கட்டுரையும் இதைப் பற்றியதே என்பதால், நானும் என் பங்குக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். பழைய மடிக்கணினியின் திரை 1366-க்கு 768 பிக்சல். ஸ்கேலிங் 100 சதவீதம். டாஸ்க்பாருக்கு 40 பிக்சல் போக, விண்டோவுக்கு 728 பிக்சல் உயரம் கிடைத்தது. புதியது 14 அங்குலத் திரை, 1920-க்கு 1080. இவ்வளவு சிறிய திரையில் அத்தனை புள்ளிகளை நெருக்கினால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும். அதனால் விண்டோஸ் தானாகவே 150 சதவீதம் என்று வைத்துவிடுகிறது. அதாவது எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைகிறது. 1080-ஐ 1.5 ஆல் வகுத்தால் 720. விண்டோஸ் 11-இன் டாஸ்க்பார் 48 எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 672. புள்ளிகள் கூடின, இடம் குறைந்துவிட்டது! 700 பிக்சல் உயரத்துக்கு வரையப்பட்ட ஒரு விண்டோ பழைய கணினியில் சிரமமில்லாமல் நின்றது; புதியதில் காலை நீட்ட இடமில்லை. பழைய மடிக்கணினியையே கண்ணுக்கு வசதியாக 125 சதவீதத்தில் வைத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு மொத்தமே 614 தான்.

முதலில் அவசரத்துக்கு உதவி. ஆல்ட் விசையை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். ஒரு சின்ன மெனு வரும். அதில் ‘மூவ்’ வர எம் விசை. பிறகு மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தால் விண்டோ மேலே ஏறும், தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போனாலும் கவலை இல்லை. கீழே ஒளிந்திருந்த பட்டன் வெளியே வந்ததும் என்டர். பல டயலாக் பெட்டிகளில் வெறும் என்டரே ‘ஓகே’ வேலையைச் செய்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அலுவலகத்தில் இரண்டாவது மானிட்டரோடு வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சில மென்பொருள்கள் திறந்ததுபோல் தெரியும், ஆனால் திரையில் எதுவும் இருக்காது. கடைசியாக நின்ற இடத்தை அவை குறித்து வைத்திருக்கின்றன. அந்த இடமோ இப்போது இல்லாத மானிட்டரில். அதற்கும் இதே ஆல்ட்-ஸ்பேஸ்-எம் வைத்தியம்தான். எம் அழுத்தியதும் ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால் விண்டோ அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள். ‘கடைக்காரத் தம்பி அப்படித்தான் செட் பண்ணிக் கொடுத்தார்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எல்சிடி திரையில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவானது. 1920 புள்ளிகள் உள்ள திரையை 1366 என்று ஓட்டினால், ஒரு புள்ளியின் நிறத்தை ஒன்றேகால் ஒன்றரைப் புள்ளிகளில் தடவ வேண்டியிருக்கும். எழுத்து பெரிதாகும், கூடவே மங்கலும் வரும். காசு கொடுத்து வாங்கிய கூர்மையை நாமே தூக்கி எறிவது அது. எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேலிங் சதவீதம்தான் சரியான இடம்.

அந்தச் சதவீதத்தை மாற்றினால் மென்பொருள்கள் ஏன் இப்படிக் குழம்புகின்றன? அதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். 1984-இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ், ஓர் அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று வைத்துக்கொண்டது. அச்சுத் தொழிலில் ஒரு பாயின்ட் என்பது ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 72-இல் ஒரு பங்கு என்பதால் கணக்கு அழகாகப் பொருந்தியது. மைக்ரோசாஃப்ட் வேறு மாதிரி யோசித்தது. தாளை வைத்துப் படிக்கும் தூரத்தைவிட மானிட்டர் தள்ளித்தான் இருக்கிறது, ஆகவே எழுத்து மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கட்டும் என்று 96 ஆக்கியது. அன்றிலிருந்து ‘விண்டோஸ் என்றால் 96’ என்பது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது, ஆனால் மாற்றியவர்கள் சொற்பம். யாரும் மாற்றாத எண்ணை நிரலாளர்கள் மாறாத எண் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் பில் போட இன்னும் அதில் எழுதிய மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதன் அளவை அலகு ட்விப். ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப். 96-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்குச் சரியாக 15. ‘இந்தத் திரையில் ஒரு பிக்சலுக்கு எத்தனை ட்விப்?’ என்று கணினியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அந்த மொழியிலேயே வசதி உண்டு. ஆனால் நிரலில் நேரடியாக 15 என்று அடித்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். 125 சதவீதத்தில் அந்த எண் 12 ஆகிறது, 150-இல் 10. பெட்டி ஒரு பக்கம், அதன் தலைப்பு ஒரு பக்கம் என்று விண்டோ கலைந்து கிடப்பதற்குப் பின்னால் பல நேரம் இந்த ஒற்றை எண்தான் இருக்கிறது.

2007-இல் கடைக்கு வந்த விஸ்டா இதற்கு ஒரு சமரசம் கண்டுபிடித்தது. ‘எனக்கு ஸ்கேலிங் தெரியும்’ என்று அறிவிக்காத மென்பொருளிடம் 96 என்றே பொய் சொல்லிவிடுவது. அது சிறியதாக வரைந்து முடித்ததும் அந்தப் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்குவது. விண்டோ கலையாது. எழுத்து மட்டும் கண்ணாடி போடாமல் பார்ப்பதுபோல மங்கலாக இருக்கும். இந்த மங்கலைத்தான் பலரும் ‘மானிட்டர் கோளாறு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

2013-இன் விண்டோஸ் 8.1, ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனிச் சதவீதம் வைக்க வழி செய்தது. நல்ல விஷயம்தான், ஆனால் புதுச் சிக்கலையும் கூட்டி வந்தது. பல மென்பொருள்கள், நீங்கள் சைன் இன் செய்த நேரத்தில் முதன்மை மானிட்டரில் என்ன சதவீதம் இருந்ததோ அதையே பிடித்துக்கொள்கின்றன. நடுவில் பெரிய மானிட்டரைச் செருகினால் அங்கே மங்கிப்போகின்றன. ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவது இதனால்தான்.

2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு புதுப்பிப்பில் பயனாளரின் கைக்கே ஒரு திருகாணி கிடைத்தது. மென்பொருளின் ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ்’, அதில் ‘கம்பாட்டிபிலிட்டி’ பக்கம், அங்கே ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. உள்ளே போய்க் கீழே உள்ள பெட்டியில் டிக் போட்டால், யார் பெரிதாக்க வேண்டும் என்பதற்கு மூன்று தேர்வுகள் இருக்கும். ‘அப்ளிகேஷன்’ என்று வைத்தால் மங்கல் போய்விடும், ஆனால் விவரம் தெரியாத மென்பொருளாக இருந்தால் எழுத்து குட்டியாகிவிடும். ‘சிஸ்டம்’ என்றால் கலைந்த விண்டோ ஒழுங்காகும், மங்கல் வரும். மூன்றாவது ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’. பழைய பாணி மென்பொருள்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். அளவும் சரியாக வந்து, எழுத்தும் கூர்மையாக வர வாய்ப்பு அதிகம். எல்லாவற்றிலும் பலிக்காது. பலிக்காவிட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள், நஷ்டமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. நோய் இருக்கும் இடம் மென்பொருளை எழுதுபவரின் மேசை. விண்டோவில் எந்தப் பட்டன் எங்கே என்று இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘இடமிருந்து 310, மேலிருந்து 645’ என்பது ஒரு விதம். ‘பட்டியலுக்குக் கீழே, வலது ஓரமாக, உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்ற அகலத்தில்’ என்பது இன்னொரு விதம். முதல் விதத்தில் திரை மாறினாலும் எழுத்து மாறினாலும் கதை முடிந்தது. இரண்டாவது, வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி மடித்துவிட்டுத் தைத்த சட்டை, தேவைப்படும்போது பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது முறையின் பூர்வீகம் எங்களைப் போன்ற அச்சுக்காரர்களுக்குப் பெருமை தருவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் குனூத் 1970-களின் கடைசியில் உருவாக்கிய டெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பெட்டியாகவும், இடைவெளியை நீண்டு சுருங்கும் பசையாகவும் கருதியது. அதே பல்கலைக்கழகத்தில் 1980-களில் மார்க் லின்டன் குழுவினர் உருவாக்கிய இன்டர்வியூஸ் என்ற கருவித்தொகுப்பு, அந்தப் பெட்டி-பசைக் கருத்தை எடுத்து விண்டோவுக்குள் பட்டன்களை அடுக்கப் பயன்படுத்தியது. இன்றைய க்யூட்டி, ஜிடிகே போன்ற கருவித்தொகுப்புகளில் உள்ள வரிசை அடுக்குகளிலும் இதே எண்ணம்தான். டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில்கூட 2005-இலேயே டேபிள்லேஅவுட்பேனல் வந்துவிட்டது. ஆகவே ‘அப்போது வசதி இல்லை சார்’ என்ற சமாதானம் செல்லாது.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை இப்படி மாற்ற முடியுமா என்பவர்களுக்கு லிபர்ஆபீஸ் பதில். ஓபன்ஆபீஸ் வழியாக அதற்கு வந்துசேர்ந்த நூற்றுக்கணக்கான டயலாக் பெட்டிகளில் ஒவ்வொரு பட்டனின் இடமும் அளவும் எண்களாக எழுதப்பட்டிருந்தன. மொழிபெயர்த்த சொல் நீளமாக இருந்தால் வெட்டுப்படும். நீளமான மொழிக்கு இடம் விட்டால் குட்டைச் சொற்கள் உள்ள மொழியில் வெறும் பொட்டலாகத் தெரியும். 2013 பிப்ரவரியில் வெளியான 4.0 பதிப்பிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக நெகிழும் அடுக்குகளாக மாற்றத் தொடங்கினார்கள். பெயர் வாங்கித் தரும் வேலை இல்லை அது. புதிய வசதி என்று விளம்பரம் செய்யவும் முடியாது. தன்னார்வலர்களும் ஊழியர்களும் சேர்ந்து வருடக்கணக்கில் செய்தார்கள். தமிழ் இடைமுகத்தோடு அதைப் பயன்படுத்துபவர்கள் அந்த உழைப்பின் பலனைத் தினமும் அனுபவிக்கிறோம்.

தமிழுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸ் ஒரு புதிய பட்டனுக்குத் தரும் அளவு 75-க்கு 23 பிக்சல். ‘சரி’ அதில் தாராளமாக உட்காரும். ‘விருப்பத்தேர்வுகள்’ உட்காராது. அகலத்தையாவது எல்லோரும் கவனிக்கிறார்கள், உயரத்தை மறந்துவிடுகிறார்கள். நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் இகரச் சுழியும் உண்டு, கீழே உகர ஊகாரத்தின் வால் உண்டு. ஆங்கில எழுத்தின் உயரத்துக்கு இறுக்கமாக வரைந்த பெட்டியில் ‘மூ’வின் வால் அறுந்து, ‘மு’ எது ‘மூ’ எது என்று தெரியாமல் போகும். ஒரு படிவத்தில் பெயரைச் சரிபார்ப்பவருக்கு இது அழகுப் பிரச்சினையா? தவறான பெயரோடு ஒரு சான்றிதழ் அச்சாகி வரும் அளவுக்கு நிஜமான பிரச்சினை.

என் தனிப்பட்ட கோபம் ஒன்று உண்டு. மென்பொருள் எழுதுபவர்களில் பலர் இளைஞர்கள். நல்ல கண், பெரிய மானிட்டர், 100 சதவீத ஸ்கேலிங். அந்த ஒரே அளவில் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஸ்கேலிங்கைக் கூட்டி வைப்பவர்கள் யார்? நாற்பதைத் தாண்டியவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், நாள் முழுவதும் எண்களைப் பதிவு செய்யும் கணக்கர்கள். எந்த அளவில் படிப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது படிப்பவர். விண்டோதான் வளைந்துகொடுக்க வேண்டும். அதனால் இதைப் படிக்கும் நிரலாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் கணினியை 150-இல் வைத்து வேலை செய்யுங்கள். 125-ஐயும் விடாதீர்கள். ஒரு பிக்சல் கோடு இரண்டு மடங்கில் சுத்தமாக இரண்டாகும். ஒன்றேகால் மடங்கில் அது ஒன்றா இரண்டா என்று தடுமாறும்போதுதான் கட்டங்களுக்கு நடுவே கீறல் விழும். ஒரே ஃபார்மை இருவர் வேறு வேறு சதவீதத்தில் திறந்து மாறி மாறி சேமித்தால் அளவுகள் நகர்ந்துகொண்டே போவதையும் பார்த்திருப்பீர்கள்; டிசைனரைத் திறக்கும்போது மட்டும் எல்லோரும் 100-இல் திறப்பது என்று அலுவலகத்தில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வாசகர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘மங்கலாகத் தெரிகிறது’ என்று மட்டும் எழுதினால் எங்களால் ஊகிக்கத்தான் முடியும். ஸ்கிரீன்ஷாட் ஒன்று எடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்பி, பெரிதாக்கிப் பாருங்கள். அதிலும் மங்கலாக இருந்தால் மங்கலாக்குவது விண்டோஸும் மென்பொருளும். மேலே சொன்ன திருகாணி உதவலாம். படத்தில் எழுத்து கூர்மையாக இருந்து, திரையில் மட்டும் மங்கினால், ரெசல்யூஷனையும் மானிட்டர் கேபிளையும் பாருங்கள். எந்தப் பக்கம் கோளாறு என்பதை எழுதி, கூடவே திரையின் அங்குலம், ரெசல்யூஷன், ஸ்கேலிங் சதவீதம், விண்டோஸ் எந்தப் பதிப்பு, ஒரு மானிட்டரா இரண்டா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழின் கேள்வி-பதில் பகுதியில் முடிந்தவரை எல்லோருக்கும் பதில் சொல்லிவிடுகிறோம். லினக்ஸ் வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வேலேண்டில் ஒன்றேகால், ஒன்றரை மடங்கு ஸ்கேலிங் எப்படி நடக்கிறது என்பதற்குத் தனிக் கட்டுரை தயாராகிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்