பேரிங்கை எண்ணி ரீல் வாங்காதீர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. தூண்டிலில் ஆர்வம் இல்லாதவர்கள் தாண்டிப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வகுப்பில் இயற்பியல் நடத்திய காலத்தைவிட ஓய்வு பெற்ற பிறகுதான் என்னிடம் அதிகம் பேர் சந்தேகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே சந்தேகம். "சார், பத்தாயிரத்துல ஒரு பேட்காஸ்டிங் ரீல் வாங்கணும். ஷிமானோ எஸ்.எல்.எக்ஸா, டைவா ஃபியூகோவா, அபு கார்சியாவா? இல்ல, கொஞ்சம் மேல போட்டு டாடுலாவே எடுத்துடலாமா?" கேட்பவர்களில் லேத் பட்டறையில் நிற்பவர் உண்டு, டெலிவரி வண்டி ஓட்டுபவர் உண்டு, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பத்தாயிரம் என்பது மூன்று நான்கு மாதச் சேமிப்பு. "எது வாங்கினாலும் நல்லதுதான் தம்பி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் கம்பெனிப் பெயர் நான்காவது கேள்வி. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எத்தனை கிராம் லூர் வீசப்போகிறீர்கள்? எந்தத் தண்ணீரில் வீசப்போகிறீர்கள்? ரீல் கெட்டால் யார் பிரித்துச் சரிசெய்வார்?

ஏன் என்று சொல்கிறேன். பேட்காஸ்டிங் ரீலில் லூர் பறக்கும்போது ஸ்பூலும் சேர்ந்து சுழல்கிறது. இந்த விலை ரீல்களில் ஸ்பூலின் விட்டம் பெரும்பாலும் 32 முதல் 36 மி.மீ. வரை இருக்கும். 34 மி.மீ. என்று வைத்தால் சுற்றளவு ஏறக்குறைய 10.7 செ.மீ. லூர் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், ஸ்பூல் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். காற்று தடுப்பதால் லூர் வேகம் குறைகிறது. ஸ்பூலுக்கு அது தெரியாது, சுழன்றுகொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லாத நூல் உள்ளேயே சுருண்டு தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஆகிவிடும். இதைத்தான் பேக்லாஷ் என்கிறோம்.

இதைத் தடுக்கத்தான் பிரேக். ஷிமானோ எஸ்.எல்.எக்ஸில் மையவிலக்கு பிரேக்: ஸ்பூல் சுழலும்போது சின்னக் கட்டைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு உரசும். சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் வீசிய கணத்தில் நன்றாகப் பிடித்து, வேகம் குறையக் குறைய விட்டுவிடும். டைவாவின் ஃபியூகோ, டாடுலா இரண்டிலும் காந்த பிரேக்: பத்தாம் வகுப்பில் படித்த மின்காந்தத் தூண்டல்தான், உரசலே கிடையாது. எதிர்க்காற்று அடித்தால் வெளியே இருக்கும் டயலை இரண்டு எண் கூட்டினால் போதும். மையவிலக்கு ரீல்கள் சிலவற்றில் பக்கத் தகட்டைத் திறந்துதான் மாற்ற வேண்டும். முதல்முறை வாங்குபவருக்கு நான் காந்த பிரேக்கைச் சொல்வது இந்த ஒரு வசதிக்காகத்தான். கை பழகியவருக்கு இரண்டும் ஒன்றே.

இனி முதல் கேள்வி, எடை. ஏரியிலும் கண்மாயிலும் விராலுக்குத் தவளை லூர் வீசுபவர்கள் 10 முதல் 20 கிராம் வரை வைத்திருந்தால், மேலே சொன்ன எந்த ரீலும் தாங்கும். 7 கிராமுக்குக் கீழே உள்ள குட்டித் தவளைதான் உங்கள் ஆயுதம் என்றால் பேட்காஸ்டிங்கே வேண்டாம். அந்த எடையால் இந்த விலை ஸ்பூலைச் சீராகச் சுழற்ற முடியாது. பாதி விலையில் ஒரு நல்ல ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. பேட்காஸ்டிங் கையில் இருந்தால்தான் மரியாதை என்று ஒரு எண்ணம். மீன் ரீலைப் பார்த்துக் கடிப்பதில்லை.

கியர் விகிதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 6.3 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 6.3 சுற்று. ஸ்பூல் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 67 செ.மீ. நூல் உள்ளே வரும். 7.2 என்றால் 77 செ.மீ., 8.1 என்றால் 87 செ.மீ. அல்லிக்கொடிக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே விரால் கவ்வியதும் தொய்வை உடனே இழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செடிக்குள் புகுந்துவிடும். அதனால் 7-க்கு மேல் எடுங்கள். தண்ணீருக்குள் ஆழமாக ஓடும் லூரை இழுப்பவருக்கு 6 பக்கம் வசதி. சைக்கிளில் மேட்டில் ஏறக் கியரை மாற்றுகிறோமே, அதே கணக்குதான். இன்னொன்று: ஸ்பின்னிங் ரீல் போல இதில் கைப்பிடியைப் பக்கம் மாற்றிப் போட முடியாது. இடக்கையா வலக்கையா என்று தீர்மானித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டாவது கேள்வி, தண்ணீர். பழவேற்காடு, முட்டுக்காடு பக்கம் கொடுவாவுக்குப் போகிறவர் உப்புக்குத் தாங்கும் ரீலா என்று முதலில் பார்க்க வேண்டும். 40 பவுண்டு பிரெய்டு 100 மீட்டராவது தாராளமாகக் கொள்ள வேண்டும். ஏரிக்கு மட்டும் போகிறவர் இதற்கென்று கூடுதல் காசு தர வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் போய் வந்தால், எந்த விலை ரீலாக இருந்தாலும் அன்றைக்கே நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு அடியில் காட்டினால் உப்பு உள்ளேதான் போகும்.

மூன்றாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பேட்காஸ்டிங் ரீல் என்பது கடிகாரக்காரர்கள் கொடுத்த பொருள். 1800களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் இதை உருவாக்கிய ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக்காரர். ஸ்வீடனின் அபு நிறுவனம் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத்தான் தொடங்கியது. கடிகாரத்தில் எத்தனை கல் இருக்கிறது என்பதைவிட, பாகங்கள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன என்பதுதான் முக்கியம். ரீலும் அப்படித்தான். பெட்டியில் "10+1 பேரிங்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வீச்சுக்கு உதவுபவை ஸ்பூலைத் தாங்கும் இரண்டு மூன்று பேரிங்குகள்தான். மீதி கைப்பிடிக் குமிழிலும் மற்ற இடங்களிலும் எண்ணிக்கைக்கு இருக்கலாம். நல்ல பேரிங் ஐந்து, மட்டமான பத்தைவிட மேல்.

அதனால் கடைக்காரரிடம் பேரிங்கை எண்ணச் சொல்லாமல் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இதுக்கு கியர் தனியா கிடைக்குமா? நூலை இடம் வலமா ஓட்டுற துண்டு தேஞ்சா மாத்தித் தருவீங்களா?" தெளிவாகப் பதில் சொல்லும் கடையில், மற்ற இடத்தைவிட ஐந்நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் வாங்குங்கள். உதிரிபாகம் கிடைக்காத ரீல் ஒரு பருவத்துக்குப் பின் பரணில்தான் கிடக்கும்.

டி.சி. ரீலைப் பற்றியும் கேட்கிறார்கள். எஸ்.எல்.எக்ஸ் டி.சி. போன்றவற்றில் சுழலும் ஸ்பூலே மின்சாரம் உண்டாக்கி ஒரு சின்னக் கணினியை இயக்கி பிரேக் பிடிக்கிறது. பேட்டரி கிடையாது. நல்ல தொழில்நுட்பம், எதிர்க்காற்றில் உண்மையாகவே உதவும். ஆனாலும் சேமிப்பு முழுவதையும் அதில் போடாதீர்கள் என்பேன். எலெக்ட்ரானிக் பகுதி போனால் பக்கத்துத் தெருவில் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. லூர் தண்ணீரைத் தொடும்போது கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்துகிற வேலை டி.சி.யிலும் நம்முடையதுதான்.

கையில் பன்னிரண்டாயிரம் இருந்தால் என் கணக்கு இது. ரீலுக்கு ஏழு, ராடுக்கு மூன்றரை, நல்ல பிரெய்டுக்கு ஒன்றரை. ரீலுக்கே பன்னிரண்டும் போட்டுவிட்டு, எண்ணூறு ரூபாய் ராடில் மாட்டி வீசுபவர்களைப் பார்க்கிறேன். வாங்குவது விற்பது குழுக்களில் போய்ப் பாருங்கள்: "ரெண்டு தடவைதான் யூஸ் பண்ணது, அவசரமா விக்கணும்" என்று எத்தனை ரீல்கள்! அவற்றில் பலவற்றில் குறை இருக்காது. வாங்கியவருக்குச் சிக்கெடுத்துச் சிக்கெடுத்து வெறுத்துப்போயிருக்கும், அவ்வளவுதான். பாதி விலைக்குப் போகிறது மூன்று மாதச் சேமிப்பு. அதோடு ஏரிக்கரைப் பக்கம் வருவதையும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

வாங்கிய பிறகு பத்து நாள் மொட்டைமாடியிலோ மைதானத்திலோ கொக்கி இல்லாத எடையைக் கட்டி, தினம் இருபது நிமிடம் வீசிப் பழகுங்கள். கைப்பிடிப் பக்கமுள்ள சிறு குமிழை, லூர் மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்கு முறுக்குங்கள். பிரேக்கை முதல் நாள் அதிகமாக வைத்து, நாளுக்கு ஒரு எண்ணாகக் குறையுங்கள். இதற்குக் காசு ஆகாது.

பின்னூட்டத்தில் ரீல் பற்றிக் கேட்பவர்கள் லூரின் எடை, போகும் நீர்நிலை, மொத்தப் பட்ஜெட் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "எது பெஸ்ட் சார்?" என்று மட்டும் கேட்டால் பதில் வராது. வினாத்தாளில் பாதி கேள்வியை எழுதிவிட்டு விடை கேட்பது போல அது.